17 மோட்டர் ரோபோ வாங்கலாமா, மச்சான் சொல்வதைக் கேட்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கக் காத்திருக்கிறான். 17 சேர்வோ மோட்டர் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டர்) உள்ள, ஒன்றேகால் அடி உயரமுள்ள மனித வடிவ ரோபோ கிட் ஒன்றை வாங்கித் தரச்சொல்லி ஒற்றைக் காலில் நிற்கிறான். யூடியூபில் அது நடனமாடுகிறது, பந்து உதைக்கிறது, குப்புற விழுந்தால் எழும்புகிறது. பொறியியலாளரான உங்கள் மச்சான், "அது விளையாட்டுச் சாமான், தானாக யோசித்து இயங்குவதுதான் ரோபோ, காசை வீணாக்காதே" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தப் பொம்மையில் தொடங்கினால், தானாக இயங்கும் இயந்திரங்கள் செய்கிற இடத்துக்கு மகன் போய்ச் சேருவானா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என் தகுதியையும் அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையில் தானியங்கி இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வார இறுதிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் சொல்லும் வகை கிட்டுகளைப் பிரித்துப் பூட்டி, எரிந்த மோட்டர் மாற்றிப் பழக்கம் உண்டு. ஆள் உயர மனித ரோபோ எதையும் நான் கையால் தொட்டதில்லை. அவற்றைப் பற்றிக் கீழே சொல்வது பகிரங்கமாக வெளிவந்த விபரங்களை வைத்துத்தான்.

முதலில் மச்சான் பக்கம். அந்த வகை கிட்டுகளில் பெரும்பாலானவை வீடியோவில் செய்வது, முன்னரே பதிந்து வைத்த அசைவுகளைத் திருப்பிச் செய்வதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாதாரண ஹொபி சேர்வோவுக்கு மூன்று வயர் வரும்: கரண்டுக்கு இரண்டு, கட்டளைக்கு ஒன்று. 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை ஒரு சின்ன மின் துடிப்பு அந்த மூன்றாவது வயரில் போகும். துடிப்பின் நீளம் 1 மில்லிசெக்கன் என்றால் மோட்டர் ஒரு பக்கக் கோடிக்குத் திரும்பும், 2 என்றால் மறுபக்கக் கோடிக்கு, 1.5 என்றால் நடுவில் நிற்கும். உண்மையில் திரும்பியதா, வழியில் ஏதாவது தடுத்ததா, சூடேறிச் சோர்ந்துவிட்டதா என்பதை அந்த மூன்று வயரில் ஒன்றுகூடத் திருப்பிச் சொல்லாது. எந்த மோட்டர் எந்த நேரத்தில் எத்தனை பாகை என்று ஒரு நீண்ட அட்டவணை, ரோபோவைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையில், அதாவது போர்டில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது வரிசையாக ஓடும். முன்னால் சுவர் இருந்தாலும் ஆடும், மேசை ஓரத்துக்கு வந்துவிட்டாலும் ஆடும், தலைகீழாகக் கிடந்தாலும் காலை உதறிக்கொண்டு ஆடும்.

100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்கு நின்றுகொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். சாரதி பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் கணுக்காலும் இடுப்பும், நீங்கள் நினைப்பதற்கு முன்னரே, உடம்பைச் சரிப்படுத்திவிடுகின்றன. நேற்றைய பயணத்தில் உடம்பு செய்த அசைவுகளை அப்படியே பதிந்துவைத்து இன்றைக்கு அதே வரிசையில் செய்தால், கொள்ளுப்பிட்டி தாண்டுமுன்னர் யாருடைய மடியிலாவது விழுந்திருப்பீர்கள். கிட் ரோபோ செய்வது நேற்றைய அசைவை. ஆனாலும் அது விழாமல் நடக்கிறதே என்றால், காரணம் பாதம். உடம்பின் அளவுக்குப் பாதங்கள் எவ்வளவு பெரியவை என்று வீடியோவை நிறுத்திப் பாருங்கள். முழுப் பாரத்தையும் ஒரு பாதத்தின் மேல் சாய்த்து, மற்றக் காலை மெதுவாகத் தூக்கி, கொஞ்சம் முன்னால் வைத்து, பிறகு பாரத்தை அந்தப் பக்கம் மாற்றுகிறது. பாரத்தின் மையம் பாதத்துக்கு வெளியே போகாதவரை விழாது. டைல்ஸ் தரையில் சரிசெய்த அந்த நடையை ஒரு பாயின் மேல் விட்டுப் பாருங்கள். பாயின் ஓரத்தில் பாதம் தட்டும், அடுத்த அடியில் ஆள் தரையில்.

ஒரு விஷயத்தை மட்டும் மச்சான் கவனிக்கவில்லை. விழுந்தால் எழும்புகிறது என்றீர்களே, அந்தக் கிட்டில் சரிவை உணரும் சென்சர் இருந்தால், குப்புற விழுந்திருக்கிறோமா மல்லாக்க விழுந்திருக்கிறோமா என்று அது பார்க்கிறது. இரண்டுக்கும் வேறுவேறான எழும்பும் அசைவுகளில் பொருத்தமானதைத் தெரிவு செய்கிறது. இது சின்னதுதான், ஆனால் அந்த வீடியோ முழுவதிலும் ரோபோவே எடுத்த தீர்மானம் இது ஒன்றுதான். நடனத்தைப் பார்த்து வாய்பிளக்கிறோம், எழும்புவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் மரியாதை போகவேண்டிய இடம் எழும்புவதுதான்.

அப்படியானால் கிட் வீணா? இல்லை. அதன் பெறுமதி நடனத்தில் இல்லை, அந்த உடம்பைக் கட்டி நிறுத்துவதில் இருக்கிறது. எப்படியென்று சொல்கிறேன். சேர்வோவின் அச்சில் கையைப் பொருத்தும் இடத்தில் சின்னப் பற்கள் இருக்கும். பரவலாகக் கிடைக்கும் எம்ஜி996ஆர் மாதிரியில் 25 பல். பூட்டும்போது ஒரு பல் தவறினால் 360ஐ 25ஆல் வகுத்த அளவு, அதாவது 14.4 பாகை பிசகும். இடுப்பில் ஒரு பல் தவறினால் ரோபோ ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே நிற்கும். பிள்ளை புரோகிராமில் பிழை தேடுவான். பிழை ஸ்குரூவுக்கு அடியில் இருக்கும். கழற்றி, நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி, மீதிச் சில பாகைகளை மென்பொருளில் திருத்தவேண்டும். எது இயந்திரப் பிழை, எது மின் பிழை, எது புரோகிராம் பிழை என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் எங்கள் தொழிலில் சம்பளம் வாங்கித் தருவது. இதைக் கொப்பியில் எழுதிக் கொடுக்க முடியாது.

அடுத்தது முழங்கால். ரோபோவின் எடை 1.5 கிலோ, ஒற்றைக் காலில் நிற்கும்போது பாரம் முழங்கால் அச்சுக்கு 4 சென்ரிமீற்றர் பின்னால் விழுகிறது என்று வையுங்கள். 1.5 x 4, ஆக 6 கிலோ-சென்ரிமீற்றர் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பத் தேவையான பலம். அதே எம்ஜி996ஆர் 4.8 வோல்ட்டில் உச்சமாகத் தருவது 9.4 அளவு. அதுவும் சுழலாமல் திணறி நிற்கும் நிலையில், அசலான மோட்டர் என்றால் மட்டும். சந்தையில் அதே பெயரில் போலிகள் ஏராளம். உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு நின்றால் மோட்டர் சூடேறும், கொஞ்ச நேரத்தில் முழங்கால் நடுங்கத் தொடங்கும். உங்கள் மகன் இணைந்த கணிதத்தில் படிக்கப்போகும் திருப்பம் இதுதான். பரீட்சைத் தாளில் புள்ளிக்கோட்டில் வரைந்த கோல் ஒன்றுக்குத் திருப்பம் எடுப்பதற்கும், தொட்டால் கை சுடும் முழங்காலுக்கு எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிறகு கரண்ட். ஒரு மோட்டர் திணறும்போது 2.5 அம்பியர் வரை இழுக்கும். 17ம் ஒரேயடியாகத் திணறினால் 40 அம்பியரைத் தாண்டும். அப்படி எல்லாம் ஒன்றாகத் திணறுவது அபூர்வம், ஆனால் எழும்பும் அந்த ஒரு கணத்தில் பாதியாவது இழுக்கும். பற்றரியின் வோல்ட் சரியும், போர்ட் அணைந்து மறுபடி தொடங்கும், ரோபோ பாதி எழும்பிய நிலையில் பொத்தென்று விழும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் இதைப் புரோகிராம் பிழை என்றே நினைப்பார்கள். போர்டுக்குத் தனி மின் வழி கொடுத்தால் சரியாகிவிடும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இன்னொன்றும் சேரும்: உப்புக்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பிடிக்கும். இதுவும் பாடம்தான்.

இந்த ஹொபிக்கு ஒரு நல்ல பரம்பரையும் உண்டு. ஜப்பானில் ரோபோ-வன் என்ற மனித ரோபோச் சண்டைப் போட்டி 2002இல் தொடங்கியது. 2004இல் கொண்டோ நிறுவனம் கேஎச்ஆர்-1 என்ற 17 மோட்டர் கிட்டை வெளியிட்டது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் கிட்டுகள் அநேகமாக அந்த அமைப்பின் வாரிசுகள். அப்புறம் பிரான்சின் நாவோ, கொரியாவின் டார்வின்-ஓபி எல்லாம் வந்து, ரோபோகப் என்ற ரோபோக்களுக்கான போட்டியில் உதைபந்தாட்டத்தில் இறங்கின. அங்கே ரிமோட்டுக்கு இடமில்லை. பந்தை கமராவில் தேடி, தன் இடத்தைத் தானே கணித்து, உதைப்பதா விடுவதா என்று ரோபோவே தீர்மானிக்கவேண்டும். ஆக மனித வடிவச் சின்ன ரோபோவுக்கும் தன்னியக்கத்துக்கும் பகை எதுவும் இல்லை. ஆனால் அந்த ரோபோக்களுக்குள் இருந்த கணினியும் சென்சர்களும் நீங்கள் வாங்கப்போகும் கிட்டில் பெரும்பாலும் இருக்காது.

இனி, தானாக இயங்குவது என்பது என்ன? நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. இயந்திரத்தின் அடுத்த அசைவைத் தெரிவு செய்தது யார், எப்போது? நேற்றே ஒரு மனிதர் தெரிவு செய்துவிட்டார் என்றால் அது பதிவு. இப்போது ஒருவர் ரிமோட்டில் தெரிவு செய்கிறார் என்றால் அது தூர இயக்கம். இப்போது, தான் உணர்ந்ததை வைத்து, இயந்திரமே தெரிவு செய்கிறது என்றால் அந்த அளவுக்கு அது தன்னியக்கம். இந்த அளவுகோலில் உருவத்துக்கும் விலைக்கும் இடமே இல்லை. 1948-49இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்கள் செய்தார். மூளை என்று இருந்தது இரண்டு வெற்றிடக் குழாய்கள் மட்டும். வெளிச்சத்தைத் தேடிப் போகும், முட்டினால் விலகும், பற்றரி இறங்கினால் மின்னேற்றும் கூட்டுக்குத் திரும்பும். கணினி ஒன்றும் இல்லாத அந்த ஆமை, இன்றைக்குக் கடையில் நடனமாடும் 17 மோட்டர் ரோபோவைவிடக் கூடுதலாகத் தானாக இயங்கியது.

இங்கேதான் உங்கள் மச்சானோடு நான் முரண்படுகிறேன். கிட் ரோபோ கீழ்ப்படி, தானாக இயங்கும் இயந்திரம் மேற்படி, நடுவில் ஏறிப் போகவேண்டும் என்பது போல அவர் பேசுகிறார். நீங்களும் அப்படி நினைத்துத்தான் கேட்கிறீர்கள். அது ஒரே ஏணி என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் இரண்டு கைத்தொழில்கள். 1990இல் டாட் மெக்கியர் என்பவர், மோட்டரும் கணினியும் இல்லாத ஒரு சோடிக் கால்கள் சின்னச் சரிவில் தாமாக நடந்து இறங்கும் என்று காட்டினார். காலின் நீளம், எடை இருக்கும் இடம், பாதத்தின் வளைவு, இவ்வளவும்தான் அதை நடக்கவைத்தன. அது முழுக்க உடம்பின் கெட்டித்தனம். மறுபக்கம், 2004இல் அமெரிக்காவில் டார்ப்பா என்ற இராணுவ ஆய்வு அமைப்பு பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு போட்டி வைத்தது. சுமார் 230 கிலோமீற்றர் பாதையில் ஒரு வண்டிகூட 12 கிலோமீற்றரை எட்டவில்லை. அடுத்த வருடப் போட்டியிலேயே ஐந்து வண்டிகள் அந்த முறை வைத்த முழுப் பாதையையும் ஓடி முடித்தன. முதலில் வந்த ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி, காசு கொடுத்து வாங்கக்கூடிய ஃபொக்ஸ்வேகன் ஜீப் வகை வண்டிதான். ஒரு வருடத்தில் மாறியது சக்கரமோ எஞ்ஜினோ அல்ல. பாதையை உணர்வதும், பிழையான உணர்தலைத் தள்ளிவைப்பதும், எங்கே வேகம் குறைப்பது என்று தீர்மானிப்பதும் மாறின. உடம்பு நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்குத் தீர்மானம் செய்யத் தெரியும் என்றில்லை, மறுவளமாகவும் அப்படித்தான். உங்கள் மகன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்ப்பதற்குக் கிட் உதவும்.

ஒன்றே ஒன்றில் கிட் பிள்ளைகளை ஏமாற்றிவிடும். சின்னது நடக்கிறது, இதையே பெருப்பித்தால் பெரியது நடக்கும் என்று நினைப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 35 சென்ரிமீற்றர் ரோபோவை அதே வடிவில் நாலு மடங்கு உயரமாக்கினால் 140 சென்ரிமீற்றர். எடை 4 x 4 x 4, ஆக 64 மடங்கு. பாரம் விழும் தூரமும் 4 மடங்கு கூடுவதால் முழங்காலுக்கு வேண்டிய முறுக்குவிசை 256 மடங்கு. விழும்போது தரையில் மோதும் சக்தியும் அதே 256 மடங்குதான். சின்னது விழுந்தால் எடுத்து நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். பெரியது விழுந்தால் தானும் உடையும், பக்கத்தில் நிற்பவரின் காலையும் உடைக்கும். 1.5 கிலோ கிட்டை அப்படியே பெருப்பித்தால் 96 கிலோ வரும். சீனாவின் யுனிட்ரீ ஜி1 ஏறக்குறைய 130 சென்ரிமீற்றர் உயரம், எடை 35 கிலோ அளவுதான். எடையை அங்கே கொண்டுவந்து, முறுக்குவிசையையும் விட்டுக்கொடுக்காமல் மோட்டர் செய்ததில்தான் அவர்களுடைய கெட்டித்தனம் இருக்கிறது. அது 2024இல் 16,000 டொலர் விலையில் அறிமுகமானது.

அந்தப் பெரிய ரோபோக்களைப் பற்றியும் மகன் பேசியிருப்பான், அதனால் ஒரு வார்த்தை. 2024 ஒக்டோபரில் டெஸ்லா தன் ஒப்டிமஸ் ரோபோக்களை ஒரு நிகழ்ச்சியில் மக்களுக்கு நடுவே விட்டது. அவை பேசின, பானம் ஊற்றிக் கொடுத்தன. தூரத்திலிருந்து மனிதர்கள் உதவினார்கள் என்பது பிறகு வெளிவந்தது. 2025 ஒக்டோபரில் ஒன்எக்ஸ் நிறுவனம் 20,000 டொலருக்கு நியோ என்ற வீட்டு ரோபோவை அறிவித்தபோது, அதற்குத் தெரியாத வேலை வந்தால் ஊழியர் ஒருவர் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பதைத் தானாகவே சொல்லிவிட்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனித ரோபோக்கள் அரை மரதன் ஓடின. முதலாவது வந்தது 2 மணி 40 நிமிடத்தில். பல ரோபோக்கள் முடிக்கவே இல்லை. பக்கத்தில் ஆட்கள் கூடவே ஓடினார்கள். இதையெல்லாம் கேலிக்காகச் சொல்லவில்லை. 21 கிலோமீற்றர் இரண்டு காலில் ஓடியது உடம்பின் பெரிய வெற்றி. ஆனால் வீடியோ பார்க்கும்போது மகனிடம் ஒரு வேலை கொடுங்கள்: நடுவில் வெட்டியிருக்கிறதா, தரை எப்படி இருக்கிறது, மூலையில் யாராவது ரிமோட்டோடு நிற்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. தன்னியக்கம் என்றால் எல்லா இடத்திலும் எல்லாம் செய்யும் என்று அர்த்தமில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஓடும் இயந்திரங்கள் எதுவும் யோசிப்பதில்லை. பெட்டி வரும் இடம், நேரம், அளவு எல்லாவற்றையும் நாங்கள் கட்டிப்போட்டுவிட்டோம், அதனால் யோசிக்க அவசியமில்லை. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தில் கொள்கலன் அடுக்கும் பாரந்தூக்கிகள் தானியங்கி என்கிறார்கள். அவை தண்டவாளத்தில் ஓடுகின்றன, வேலி போட்ட இடத்தில். அதே இயந்திரத்தைக் காலி வீதியின் மஞ்சள் கடவையில், ஆட்டோவும் பஸ்ஸும் வரும் நேரத்தில் கடக்கவிட்டால் கதை வேறு. உலகம் எவ்வளவு ஒழுங்கில்லாமல் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் தீர்மானம் தேவைப்படுகிறது. செவ்வாயில் 2021 பெப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் என்ற நாசா வண்டி தன் பாதையைத் தானே தெரிவு செய்து ஓடுவதற்குக் காரணமும் இதுதான்: பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர, கோள்கள் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். கல்லைப் பார்த்துப் பிரேக் அடிக்க இங்கிருந்து முடியாது. அதற்கும் மனித உருவம் இல்லை, ஆறு சக்கரம்தான்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை கணக்குப் போட்டோ பிரித்துப் பார்த்தோ பகிரங்க விபரங்களைத் தேடியோ நிச்சயப்படுத்தக்கூடியவை. இனிச் சொல்வது என் அபிப்பிராயம், அந்த எடைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டோடு தொடங்கும் பிள்ளைகள் நல்ல பொறியியலாளராக வருவார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. என்னிடம் வந்தவர்களில் சிலர் அந்தப் பக்கம் போனார்கள், சிலர் மருத்துவம் படிக்கப் போனார்கள். போனவர்கள் கிட் இல்லாமலும் போயிருப்பார்களோ என்னவோ. மனித ரோபோக்கள் இன்னும் பத்து வருடத்தில் வீடுகளில் வேலை செய்யும் என்பவர்களையும், செய்யவே செய்யாது என்பவர்களையும் நான் நம்புவதில்லை. நடப்பதும் ஓடுவதும் கடந்த சில வருடங்களில் மிக வேகமாக முன்னேறிவிட்டன, கணினிக்குள் போலி உலகத்தில் கோடிக்கணக்கான தடவை விழுந்து பழகியதால். ஈரக் கையோடு பீங்கான் கழுவுவது அந்த வேகத்தில் முன்னேறியதாக எனக்குத் தெரியவில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு உருவம் முக்கியம் என்பது மட்டும் என் அனுபவம். இரண்டு கால் உள்ள ஒன்றோடு அவர்கள் பேசுவார்கள், பெயர் வைப்பார்கள், இரவு பன்னிரண்டு மணிக்கும் ஸ்குரூ முடுக்குவார்கள். சக்கர வண்டியோடு அப்படி ஒட்டுவது குறைவு. மச்சான் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, வாங்குவதா விடுவதா. மூன்று வயர் சேர்வோ மட்டும் உள்ள கிட் என்றால் வேண்டாம் என்பேன். பஸ் சேர்வோ என்று ஒரு வகை இருக்கிறது. ஒரே வயர்ச் சங்கிலியில் எல்லா மோட்டரும் கோர்த்திருக்கும், ஒவ்வொன்றும் தன் நிலையையும் சூட்டையும் வோல்ட்டையும் திருப்பிச் சொல்லும். அந்த ஒரு வித்தியாசத்தால் ரோபோ தன் உடம்பை உணரத் தொடங்குகிறது. கையைப் பிடித்து அசைத்துக் காட்டி அந்த அசைவைப் பதியவும் முடியும், தடுத்தால் நிறுத்தவும் முடியும். மோட்டர் போனால் தனியாக ஒன்று வாங்க முடியுமா என்றும் பாருங்கள், கட்டாயம் போகும், முதலில் முழங்கால்தான். போர்ட் ஆர்டுயினோ, ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை போன்ற, நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய திறந்த வகையாக இருக்கட்டும். போனில் பொத்தான் அழுத்த மட்டும் விடும் மூடிய பெட்டி என்றால் அது மச்சான் சொன்ன விளையாட்டுச் சாமானேதான். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் லித்தியம் பற்றரி விமானத் தபாலில் வருவது தொல்லை. கிட்டைப் பற்றரி இல்லாமல் எடுப்பித்து, பற்றரியையும் அதற்குரிய சார்ஜரையும் இங்கேயே வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், படுக்கையறையில் வைக்கவே கூடாது. இதில் மட்டும் பிள்ளையோடு பேரம் பேசாதீர்கள்.

காசைக் கட்டுவதற்கு முன்னர் ஒன்று செய்து பார்க்கலாம். கிட்டின் விலையில் சின்னப் பங்குக்கு இரண்டு சக்கரம், இரண்டு மோட்டர், சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் சென்சர், தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சர், ஒரு ஈஎஸ்பி32 வாங்கிவிடலாம். மகனுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வரவேற்பறையின் எந்த மூலையில் வைத்தாலும், யாரும் தொடாமல், வாசலுக்கு வந்து நிற்கவேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை. 10 மீற்றர் ஓடுவதற்குள் திசை ஒரு பாகை பிசகினால் 17 சென்ரிமீற்றர் விலகிவிடும், வாசலுக்குப் பதில் நிலைக்கதவில் முட்டும். சக்கரம் டைல்ஸில் வழுக்கும், ஆனால் எண்ணும் சென்சர் சுற்றியதாகவே சொல்லும். அல்ட்ராசோனிக் ஒலி திரைச்சீலையில் பட்டால் திரும்பி வராது, சுவரே இல்லை என்று வண்டி நினைக்கும். எந்தச் சென்சரை எப்போது நம்புவது என்று அவன் தீர்மானிக்கவேண்டி வரும். ஸ்டான்லியைச் செய்தவர்கள் மல்லுக்கட்டியதும் இதே பிரச்சினையோடுதான், அளவுதான் வேறு. சக்கரத்தில் இதைச் செய்து பழகியவன் பிறகு மனித வடிவ ரோபோவை வாங்கினால், அட்டவணையை ஓட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கமாட்டான். சென்சர் பூட்டுவான், கமரா பூட்டுவான். காசே செலவழிக்காமல் தொடங்குவது என்றால் முஜோகோ என்ற மென்பொருள் இலவசம். மடிக்கணினியில் மனித வடிவ ரோபோவை நடக்கவும் விழவும் விட்டுப் பார்க்கலாம். ஆனால் அதில் கை சுடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சக்கர வண்டிக்கு இப்போது காசு கொடுப்பேன், மனித ரோபோவைப் பெறுபேறு வந்ததும் என்று சொல்லி வைப்பேன். அவன் இப்போதே அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், பஸ் சேர்வோ கிட் என்றால் வாங்கிக் கொடுப்பேன், ஆசையோடு செய்வதை ஒத்திப்போட்டால் ஆசை போய்விடவும் கூடும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கிட்டின் மாதிரி இலக்கத்தை எழுதுங்கள், சேர்வோ எந்த வகை, தனி மோட்டர் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.